காது இல்லாத மூட்டை

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் நாற்றங்காலில்தான் இருந்திருப்பேன். ஆனால் இன்றைக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எனக்கு இரண்டு அரிசி ஆலை இருக்கிறது. யாரிடமும் கை நீட்டிக் கட்டியது இல்லை. வருஷம் ஒருமுறை கும்பகோணத்திலிருந்து ஆடிட்டர் வருவார். பெரிய படிப்புப் படித்தவர். அவர் ஒருமுறை கேட்டார்: "நான் போற எடத்துலயெல்லாம் எங்கயாவது ஒரு ஓட்டை இருக்குதுங்க. உங்க மில்லுல மட்டும் எப்படிங்க இல்லாம இருக்கு?"

சிரித்துக்கொண்டு காப்பி வரவழைத்தேன். ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற சமாசாரம் இல்லை அது. இங்கே எழுதிவிடுகிறேன். என் கெட்டிக்காரத்தனம் இதில் நிறைய வரும். அதற்கு நான் வெட்கப்படவில்லை. என் தப்பு ஒன்றும் வரும். அதை விட்டுவிட்டு எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

அப்போது நான் மில் முதலாளி இல்லை, மேஸ்திரி. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் நெல் கிடங்கில் மூட்டை தூக்குகிற பன்னிரண்டு பேருக்கு நான் தலை. சென்னையில் கழகத்து ஆட்சி. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று நாளுக்கு ஒரு சட்டம் காதில் விழும். அதற்கு முன்னால் அரை மரக்கால் கூலி கூடுதலாகக் கேட்டு அறுவடையை நிறுத்தி, பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கி, இரண்டு பக்கமும் அரிவாளோடு வரப்பில் நின்ற நாட்கள் எல்லாம் உண்டு. அது ஓய்ந்தும் ஓயாமலும் இருந்தது. அந்தச் சண்டைக்கெல்லாம் பிறகுதான் எங்கள் தெருவில் சிலபேர் கையில் குத்தகை நிலம் என்று ஒன்று நின்றது. அவர்கள் தங்கள் பெயரில் விளைந்த நெல்லைத் தங்கள் பெயரில் விற்ற முதல் இடம் அந்தச் சங்கம். பண்ணைக் களத்தில் அளந்தால் பண்ணையின் மரக்கால், அதன் அடியில் என்ன பலகை இருக்கிறது என்று யார் குனிந்து பார்ப்பது? சங்கத்துத் தராசு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடு முற்றத்தில் தொங்கியது. அதனால் அந்தக் கிடங்கு எங்களுக்கு வெறும் வேலை செய்யும் இடம் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த வயதில் என்னை மாதிரி மூட்டை தூக்குகிறவன் அந்தத் தாலுகாவில் கிடையாது. கழுத்தில் மூட்டை ஏறினால் போதும், குறுவையா சம்பாவா, எத்தனை வெயில் காய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஈர நெல் பிடரியில் குளிரும். காய்ந்த நெல் நடக்கும்போது முதுகில் சரசரக்கும். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

கிடங்குக்கு ராக்காவல் ஒருவர். எங்கள் தெருதான். தூரத்து உறவில் எனக்கு மாமா முறை. கூலிச் சண்டையில் முதல் வரிசையில் நின்றவர். பண்ணை மனையில் இருந்த அவர் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் எந்தக் களத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பெயரைச் சொன்னாலே பண்ணை ஏஜெண்டுகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடைசியில் தெருவே சேர்ந்து மனு கொடுத்து அவருக்கு அந்தக் காவல் வேலையை வாங்கினோம். மாதச் சம்பளம் என்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது அதுதான் முதல். அவர் சாயங்காலம் சாவியை வாங்குவார், காலையில் எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வாத்துகளைத் திறந்து விடுவார்.

எழுத்தர் என்று சொன்னேனே, அவர் கட்சிச் சிபாரிசில் வந்தவர். இளைஞர். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல கையெழுத்து. எங்களை "அண்ணே" என்று கூப்பிடுவார், எங்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார். பட்டா மனு, ரேஷன் கார்டு மனு என்று தெருவில் யார் போய் நின்றாலும் காசு வாங்காமல் எழுதித் தருவார். என் மனுவையும் இரண்டு தடவை அவர்தான் எழுதினார். அவரை எனக்குப் பிடிக்கும். இதை ஒளிக்கவில்லை.

சம்பா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மில்லுக்குப் போன ஒரு லோடைப் பற்றிக் கடிதம் வந்தது. அந்த லோடை மில்லுக்காரர்களே ஆள் கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள், நாங்கள் அன்று களத்தில் இருந்தோம். எடை சரியாக இருந்தது, அரைத்தால் அரிசி காணவில்லை, உமியும் கருக்காயும்தான் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். கருக்காய் என்றால் பால் பிடிக்காமல் போன நெல். தூற்றும்போது பதரோடு ஒதுங்கும். மாட்டுக்கோ வாத்துக்கோ போடுவார்கள்.

சங்கத்துத் தலைவர் கிடங்கைத் திறக்கச் சொன்னார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூட்டைகளை அட்டி என்போம்; அதன் வெளி வரிசை மூட்டையெல்லாம் தங்கம் மாதிரி நெல். உள் வரிசையில் நாலைந்தைக் கத்தியால் கிழித்தார்கள். மேலே ஒரு சாண் நல்ல நெல், நடுவில் கருக்காய், அதுவும் கையில் ஒட்டுகிற ஈரம். யாரோ நல்ல நெல்லை அள்ளிக்கொண்டு கருக்காயைக் கொட்டி, எடை குறையாமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். தராசு ஏமாந்துவிட்டது.

முற்றத்தில் நாற்காலி போட்டுக் கமிட்டி உட்கார்ந்தது. நெல் போட்ட குடியானவர்கள் சுற்றி நின்றார்கள். தலைவர் என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, நீங்க தெனம் உள்ள போயி வர்ற ஆளு. கருக்காய இந்த ஊர்ல யாரு மூட்டை மூட்டையா வாங்குறது?"

"காவக்கார மாமா வீட்டுல ரெண்டு மூட்டை கெடக்குதுங்க. வாத்துக்குப் போடுறாரு" என்றேன்.

அது உண்மை. கேட்டதற்குப் பதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள் என்ற கிறுக்கில் இன்னொன்றும் சொன்னேன்: "ராத்திரி முச்சூடும் சாவி அவருகிட்டதானங்க இருக்கு."

மாமா கூட்டத்தில்தான் நின்றார். "ஏ மாப்ளே, களத்துல தூத்துற பொம்பளைங்ககிட்ட வாத்து முட்டை குடுத்துட்டு வாங்குறேன். ஊரே பாக்க வாங்குறேன். ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பேசாமல் நின்றேன். எழுத்தர் மெதுவாக, "பாவம் பெரியவரு, அவசரப்பட்டு முடிவு எடுக்காதீங்க தலைவரே" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு எல்லோரும் எழுத்தரை மெச்சினார்கள். நானும்தான்.

மாமாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடி கமிட்டி, அன்று அவர் கணக்குச் சொல்லாவிட்டால் வேலையும் போகும், போலீஸில் எழுதியும் கொடுப்பார்கள். போலீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். கொடி பிடித்தவன் என்று இரண்டு வருஷம் வேலை கொடுக்காமல் இருந்தவர்கள், நெல் திருடியவன் என்றால் ஆயுசுக்கும் களத்து வாசலை மிதிக்க விட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

நான்கு நாள் கழித்து, கெட்டுப்போன அட்டியைப் பிரித்துக் களத்தில் கொட்டச் சொன்னார்கள். நான்தான் முதலில் உள்ளே போனேன். உள் வரிசை மூட்டையின் மூலையைப் பிடித்து இழுத்தேன். கை வழுக்கி விரல் நகம் பிய்ந்தது. மறுபடி பிடித்தேன். பிடிக்க இடமே இல்லை.

"எவன்டா இதத் தைச்சது?" என்று கத்தினேன்.

என் ஆள் ஒருவன் வந்து குனிந்து பார்த்தான். "நம்ம பயலுவ இல்ல மேஸ்திரி. தையக்கடைல குடுத்து தைச்ச மாரில்ல இருக்கு."

மூட்டைக்கு வாய் தைக்கிறபோது இரண்டு ஓரத்திலும் நாலு விரல் சாக்கை விட்டு, கொஞ்சம் நெல்லை அதற்குள் தள்ளி, சணலால் சுற்றி இறுக்கிக் குடுமி மாதிரி நிறுத்துவோம். காது என்போம். தூக்குகிறவன் பிடிப்பதற்கு அது. யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்தது இல்லை. ஒருநாள் காது இல்லாத மூட்டையைத் தூக்கிப் பார்த்தவன் மறுநாள் ஊசி பிடித்தால் தானாகக் காது வைப்பான். இந்த மூட்டையின் வாயோ ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராக, ஒரே அளவு இழையாக, பார்க்க அவ்வளவு அழகாகத் தைத்திருந்தது. பார்சல் தைத்த மாதிரி.

மூட்டை மூட்டையாகத் தடவிக்கொண்டு போனேன். காது இருந்த மூட்டையைக் கிழித்தால் நல்ல நெல். காது இல்லாததைக் கிழித்தால் கருக்காய். ஒன்றுகூடத் தப்பவில்லை. அட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா பத்து வயதிலிருந்து மூட்டை தூக்கினவர். காது வைக்காமல் தைக்கச் சொன்னாலும் அவர் கை கேட்காது. இது வாழ்நாளில் ஒரு மூட்டையைக்கூடத் தூக்காத கை. அந்தக் கிடங்குச் சாவி போய்வருகிற கைகளில் அப்படி இருந்தது மூன்று: தலைவர், செயலாளர், எழுத்தர். தலைவரும் செயலாளரும் வெயில் ஏறினால் வருவார்கள், தராசைப் பார்ப்பார்கள், போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் "இருப்புப் பார்க்கிறேன்" என்று தனியாகக் கதவைத் திறந்து வைத்திருப்பது யார் என்று யோசித்தேன். யோசிக்கவே பிடிக்கவில்லை. என் ரேஷன் கார்டு மனு அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

தலைவரிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. அவரும் அந்தக் கட்சி, எழுத்தரும் அந்தக் கட்சி. தனியாகச் சொன்னால் தனியாகவே முடிந்துவிடும். மாமா பெயரைக் கெடுத்தது நாலு பேர் முன்னால், அதைச் சரிசெய்வதும் நாலு பேர் முன்னால்தான் என்று முடிவு செய்தேன். என் ஆட்களுக்கு வாயைக் கட்டினேன். காது உள்ளது மூன்று, இல்லாதது மூன்று என்று ஆறு மூட்டையைப் பிரிக்காமல் ஒதுக்கி வைத்தேன்.

கமிட்டி அன்று முற்றத்தில் ஆறையும் போட்டேன்.

"தலைவரே, கோவிச்சுக்காம வந்து இந்த ஒன்னத் தூக்குங்க" என்றேன்.

"என்ன மேஸ்திரி, கிண்டலா?"

"முழுசா தூக்க வேணாங்க. மூலையப் புடிச்சு ஒரு இழுப்பு இழுங்க, போதும்."

அவர் நல்ல மனிதர். எழுந்து வந்து காது உள்ளதை இழுத்தார், மூட்டை அசைந்தது. அடுத்ததை இழுத்தார், கை வழுக்கிப் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். குடியானவர்கள் சிரித்தார்கள். நான் இரண்டையும் கிழித்துக் கொட்டினேன். பிறகு மீதி நாலையும். சிரிப்பு நின்றது.

"இதத் தைச்சவரு மூட்டையே தூக்குனதில்லீங்க. மாமா அப்படியா?" என்றேன்.

எழுத்தர்தான் முதலில் பேசினார். குரல் மாறவே இல்லை. "அண்ணே, நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. தையல வச்சு ஒருத்தன திருடன்னு சொல்ல முடியுமா? எனக்கெல்லாம் கோணி ஊசி புடிக்கவே தெரியாது."

என் பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "மூட்டை தைக்கத் தெரியாத ஆளு தைச்சதுன்னுதான சார் நாங்களும் சொல்றோம்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாளைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமையில் இங்கே யார் வருகிறார்கள் என்று.

"கிழிஞ்ச சாக்கு எடுக்க ஒரு வண்டி வருமுங்க. தம்பிதான் தொறந்து விடும். கிழிஞ்ச சாக்குக்கு அந்த மாடு ஏன் அப்படி மூச்சு வாங்குதுன்னு நானும் நெனைப்பேன்" என்றாள்.

"நெனைச்சீங்க சரி, ஏம்மா சொல்லல?"

"என்ன யாருங்க கேட்டா?"

வண்டிக்காரனைப் பிடித்ததும் மீதி வெளியே வந்தது. நெல் கிழிந்த சாக்குக் கட்டுக்குள் போனது, கருக்காய் அதே மாதிரி கட்டுக்குள் வந்தது. வண்டிக்காரன் வாசலோடு சரி; உள்ளே எழுத்தர் ஒருவரே மூட்டையை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே வாயைப் பிரித்து மாற்றித் தைத்திருக்கிறார். அன்று மாலை அவரே ஒத்துக்கொண்டார். அவர் வீட்டார் வந்து ஈடு கட்டினார்கள். போலீஸுக்குப் போகவில்லை, கட்சிக்காரர்கள் பேசி முடித்து அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு என்றால் போலீஸ், இவருக்கு என்றால் பேச்சு. எனக்கு அது இன்றைக்கும் ஜீரணம் ஆகவில்லை.

எழுத்தர் லேசில் சிக்குகிற ஆள் இல்லை. புத்திசாலி. எது அவரைக் காட்டிக்கொடுத்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். கிடங்கில் தனி ஆளாகச் செய்கிற வேலை என்று ஒன்றுமே கிடையாது. ஒருவன் பிடிப்பான், ஒருவன் கொட்டுவான், ஒருவன் தைப்பான், ஒருவன் தூக்குவான். திருட்டை மட்டும் அவர் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. எங்களில் ஒருவனை ஊசி பிடிக்கக் கூப்பிட்டிருந்தால் மூட்டைக்குக் காது இருந்திருக்கும், ஆனால் வெளியே தெரிந்திருக்கும். அதனால்தான் என் மில்லில் எடை போடுகிறவன் தைக்க மாட்டான், தைக்கிறவன் சாவி வைத்திருக்க மாட்டான், மாதம் ஒருமுறை ஆளை இடம் மாற்றிவிடுவேன். ஆடிட்டர் இதற்கு ஏதோ ஒரு பெரிய பெயர் சொன்னார். இதைச் சொல்லிக்கொடுக்கக் காலேஜ் இருக்கிறதாம்.

இதுவரை கெட்டிக்காரத்தனம். எழுத்தர் ஒத்துக்கொண்ட மறுநாள் காலையில் மாமா வீட்டுக்குப் போனேன். வேலைக்கு வரச் சொல்லித் தலைவர் அனுப்பினார். மாமா வாத்துகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்ததும், "வாங்க மேஸ்திரி. கருக்காய எண்ண வந்தீங்களா? உள்ளதான் கெடக்கு, எண்ணிக்கங்க" என்றாள்.

"அத்தே, நான்தான கண்டுபுடிச்சேன்" என்றேன். சொன்ன உடனே அது தப்பான பேச்சு என்று தெரிந்தது.

"ஆமா. மொதல்ல எங்களக் கண்டுபுடிச்சீங்க. அப்பறமா அவரக் கண்டுபுடிச்சீங்க" என்றாள் அத்தை.

மாமா தலையைத் தூக்கவில்லை. "நான் ஒன்னு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க" என்றார். அதுவரை என்னை ஒருநாளும் அவர் 'ங்க' போட்டுப் பேசியது இல்லை. "முட்டை குடுத்துத்தான் வாங்குறேன்னு தெரியுமில்ல. தெரிஞ்சும் ஏன் சும்மா நின்னீங்க?"

எழுத்தர் திருடியிருப்பார் என்று அந்த முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமா என்றதும் எல்லோருக்கும் தோன்றிவிட்டது. மற்றவர்களை விடுங்கள், அவர் தெருவில் பிறந்த எனக்கே தோன்றியது. வெள்ளைச் சட்டையை நம்பினேன், எங்கள் அழுக்குத் துண்டைச் சந்தேகப்பட்டேன். பண்ணைக்காரன் எங்களைப் பார்த்த பார்வையை நான் எப்போது வாங்கிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை இவ்வளவு கோர்வையாக அன்று சொல்லவில்லை. "நம்ம ஆளுன்னதும் இருக்கும்னு நெனைச்சுட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"வேலைக்கு வர்றேன். ரெண்டு காரியம் நடக்கணும். எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கயே நின்னு, அவங்க எல்லாரும் இருக்கயில, சொன்னது தப்புன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"கிடங்க விட்டு வெளிய போறப்ப நம்ம பயலுவ மட்டும்தான் துண்ட உதறுறானுவ, மடிய அவுத்துக் காட்டுறானுவ. செயலாளரு, எழுத்தரு, தலைவரு எல்லாம் கைய வீசிக்கிட்டுப் போறாங்க. இனிமே வாசல்ல நான் நிப்பேன். யாரு வெளிய போனாலும் உதறணும்."

"தலைவருமா மாமா?"

"தலைவரும். இல்லாட்டி நான் வாத்து மேய்ச்சுக்கிட்டு இருந்துக்குறேன்."

முதல் காரியத்தை நான் மறுநாளே முடித்தேன். முற்றத்தில் நின்று சொன்னேன். ஐந்து வார்த்தைதான். ஏற்றி இறக்கின மூட்டை எதுவும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்தது இல்லை. இரண்டாவது காரியத்தைக் கேட்டதும் செயலாளர் குதித்தார். எங்களைக் கேவலப்படுத்துகிறான் என்றார். அப்படியானால் இத்தனை வருஷம் எங்களைச் செய்தது என்ன என்று என் ஆட்கள் கேட்டார்கள். தலைவர்தான் முடித்து வைத்தார். "செஞ்சுட்டுப் போவோம்" என்றார்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிடங்கைப் பூட்டினோம். மாமா வாசல் நிலையை ஒட்டி நின்றார். நெல் போட்ட குடியானவர்கள் வேலை இல்லாமலேயே வந்து எதிர்ச்சாரியில் நின்றார்கள். தலைவர் முதலில் வந்தார். கரை போட்ட நீளத் துண்டு, தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கும். மாமா ஒன்றும் சொல்லவில்லை, வழியையும் விடவில்லை. தலைவர் துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். சீவல் பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது. மாமா குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"வச்சுக்கங்க தலைவரே."

தலைவர் வாங்கிக்கொண்டு போனார். செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறிவிட்டுப் போனார். என் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று அவர்கள் உதறின உதறலில் ஒரு கம்பீரம் இருந்தது. கடைசியில் நான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காலை எடுத்து வைத்தேன். மாமாவின் கை குறுக்கே வந்தது.

"மடியயும் அவுருங்க மாப்ளே" என்றார்.

எதிர்ச்சாரியில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டி மடிப்பை அவிழ்த்தேன். இரண்டு பீடியும் ஒரு தீப்பெட்டியும் இருந்தன. அவர் இரண்டையும் கையில் வாங்கி, தீப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போங்க" என்றார். போனேன்.